அருவி நீரும் வாக்குரிமையும்

தென்காசிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ மூன்று கல் தொலைவில், திரிகூட மலையினின்று இறங்கும் பேரருவி திருக்குற்றாலநாதர் கோயிலை அடுத்து வீழ்கின்றது. அந்நீர் சிற்றாறு என்னும் பெயருடன் கிழக்கு நோக்கி ஓடி, வழிநெடுக வயல்களையும் குளங்களையும் நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரவருணியோடு கலக்கின்றது. ஞானசம்பந்தர் பாடிய தலம் இது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி இயற்றிய மலையும் இதுவே. ஆதலின் இவ்வருவியின் இலக்கியச் சிறப்பை எடுத்துரைப்பார் பலர் உளர். இதன்கண் நீராடியவர் யாவர், நீராடலாகாதென விலக்கப்பெற்றவர் யாவர், அவ்விலக்கு எவ்வாறு நீங்கிற்று என்னும் வரலாறோ அத்துணை ஆராயப்பெறவில்லை. அதனையே யாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு வேறொரு நோக்கமும் உண்டு. மக்களாட்சி நிலவும் நாட்டில், தம் சார்பாளரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற குடிகள், குறையுற்றபோது கிளர்ந்தெழுதல் முறைதானா என்னும் வினா அடிக்கடி எழுப்பப்பெறுகின்றது. 'வாக்குச் சீட்டு இருக்கக் கிளர்ச்சி எதற்கு' என்பார் ஒருசாரார். 'செல்வத்தில் ஏற்றத்தாழ்வு இருக்குங்காறும் வாக்குச் சீட்டு வெறுந்தாளே' என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பொதுநிலையிற் பேசப்படுங்கால் முடிவு காண்டல் அரிது. ஓர் அருவியையும் அதனைச் சூழ்ந்த சில ஊர்களையும் கொண்டு நோக்கின், வினா சற்றுத் தெளிவுறும் என்பது எம் கருத்து.

கிளர்ச்சி என்பது மேனாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று கருதுவார்க்கு முதற்கண் ஒன்று கூறல் வேண்டும். வேந்தனிடம் குடிகளின் குறையை எடுத்துரைத்தல் தமிழர்க்குப் பழைமையான வழக்கு. புறநானூற்று 35-ஆம் பாட்டின் கீழ்க்குறிப்பு, வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடிப் பழஞ்செய்க்கடன் நீக்கம் பெற்றார் என்கின்றது. ஆயின் அது ஒரு புலவரின் நாவன்மையால் விளைந்தது; குடிகள் தாமே திரண்டு நின்றதன்று. குடிகள் திரண்ட செய்தியைக் காணப் பதினைந்தாம் நூற்றாண்டின் கல்வெட்டுகளுக்கு வருதல் வேண்டும். 1429-ஆம் ஆண்டில் விசயநகர அரசின் அலுவலரும், அவரோடு கூடிய பிராமண வெள்ளாள நிலவுரிமையாளரும் சுமத்திய வரிகளைத் தாங்கலாற்றாது, வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஒன்றுகூடின. விருத்தாசலம், ஆடுதுறை, கொருக்கை, திருவைகாவூர் முதலிய இடங்களின் கல்வெட்டுகள் அம்முடிவைப் பொறித்து வைத்துள்ளன. தம்முட் பகைகொண்ட இருபிரிவும் வரிப்பொருளில் ஒன்றாயின என்பதும், இன்ன பயிருக்கு இவ்வளவே செலுத்துவோம் எனத் தாமே அளவு குறித்தன என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. காவிரி நாட்டிலும் நடுநாட்டிலும் இது நிகழ்ந்து பதினேழு ஆண்டு கழித்து, 1446-இல், அரிகேசரி பராக்கிரம பாண்டியன் தென்காசியில் விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். பிற்காலத்தில் அக்கோயிலைக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் வணங்குவதாக அவன் கல்லிற் பொறித்த செய்தி புலவருலகம் நன்கறிந்தது. வருங்காலக் குடிகளை மன்னன் வணங்கினான். ஆயின் அவன் எழுப்பிய கோயிலுள் நுழைய அக்குடிகளுள் எல்லார்க்கும் அடுத்த ஐந்நூறு ஆண்டு உரிமை வாய்க்கவில்லை.

இனிச் சிற்றாற்றுக்கு வருவோம். இவ்வட்டாரத்தின் செல்வம் நஞ்செய்ச் செல்வம். நஞ்செய்க்கு உயிர் சிற்றாற்று நீர். அந்நீர் பாயும் நிலம் கோயில்களுக்கும், பிரமதாயக்காரருக்கும், வெள்ளாளர் முதலிய நிலக்கிழாருக்கும், சமீன்களுக்கும் உரியதாயிருந்தது. அந்நிலத்தில் நாற்று நட்டும், களை பறித்தும், மடை திறந்தும், அறுவடை செய்தும் உழைத்தவருட் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட குடியினர். பண்ணையாளாயும், வாரத்துக்கு உழுபவராயும் இருந்த அவர்க்குப் பட்டா இல்லை. பட்டா இன்மையால் கிஸ்தி இல்லை. கிஸ்தி இல்லாமை ஒரு நன்மைபோலத் தோன்றும். ஆயின் ஆங்கில ஆட்சியில் அதுவே பெருங்கேடாய் முடிந்தது. ஏனெனின், வாக்குரிமை கிஸ்தியைத் தொடர்ந்து வந்தது.

1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் வாக்குரிமை பெற்றோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு மூவர். நிலத்தின் அளவும், செலுத்தும் வரியுமே அதற்கு அளவுகோல். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளவுகோலைத் தளர்த்தி, வரி செலுத்துவோரோடு எழுத்தறிந்தோரையும் சேர்த்துக்கொள்ள, தொகை நூற்றுக்குப் பதினைவர் என்னும் அளவுக்கு உயர்ந்தது. அப்பொழுதும் எண்பத்தைவர் புறத்தே நின்றனர். அருவி நீர் வயலிற் பாய, வயல் வரியாக, வரி வாக்காக, வாக்கு சட்டமாக மாறியது. அந்நீரை வயலுக்குத் திருப்பிய கைகளோ இவ்வரிசையின் எந்தப் படியிலும் இடம் பெறவில்லை. பொருளின் ஏற்றத்தாழ்வு அரசியற் சார்பாண்மையின் ஏற்றத்தாழ்வாக மாறும் முறைமை இதனினும் தெளிவாகப் புலப்படும் இடம் அரிது.

1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னைச் சட்டப் பேரவையின் இடப்பங்கீட்டையும் ஒருமுறை நோக்குதல் நன்று. மொத்தம் 215 இடங்கள். நிலக்கிழார்க்குத் தனியே 6. தொழிலாளர்க்குத் தனியே 6. மாகாணத்தில் இவ்விரு கூட்டத்தாரின் தலைக்கணக்கு என்ன என்பதை எண்ணிப் பார்ப்பார்க்கு நகை தோன்றும். பூனா ஒப்பந்தத்தின் பயனாகத் தாழ்த்தப்பட்டோர்க்கு 30 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. ஆயின் அவ்விடங்களுக்கு முதற்கண் தாழ்த்தப்பட்ட வாக்காளர் நால்வரைத் தெரிந்தெடுக்க, அந்நால்வருள் ஒருவரைப் பொது வாக்காளர் அனைவரும் தேர்ந்தெடுப்பர். பொது வாக்காளர் என்போர் யாவர்? மேற்கூறிய கிஸ்திதாரரே பெரும்பாலர்.

வாக்கில்லாதார்க்குச் சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்பது எம் கருத்தன்று. 1924-இல், நியமன உறுப்பினராகிய இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்திற் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெருக்களும், கிணறுகளும், குளங்களும் எல்லா மக்களுக்கும் உரியன என்று உரைத்தது. அரசும் அதனை ஆணையாக வெளியிட்டது. தேர்தல் வழி வாராத ஒருவரே இதனைச் செய்தார் என்பது குறிக்கத்தக்கது. ஆயின் தாளில் எழுதிய ஆணை மலையடிவாரம் ஏற நெடுங்காலம் ஆயிற்று. பத்தாண்டு கழிந்த பின்னும் குற்றாலத்தின் நிலை யாது என்பதைக் காந்தியடிகளின் வருகை உலகறியச் செய்தது.

அரிசனத் தொண்டு குறித்து நாடெங்கும் சுற்றிய காந்தியடிகள் 1934 சனவரித் திங்களில் திருவிதாங்கூர்ப் பயணத்தையடுத்துத் தமிழ்நாட்டின் தென்பகுதிக்கு வந்தார். குற்றாலத்தில் தங்கினார். அருவியைக் கண்டார். அருவிக்குச் செல்லும் வழி கோயில் எல்லைக்குட்பட்டது; அதன் வழியே அரிசனர் செல்லலாகாது; ஆதலின் அவர் அருவியில் நீராடுதற்கில்லை என்னும் செய்தி அவர்க்குத் தெரிந்தது. அவர்க்கில்லாத நீராட்டு எமக்கும் வேண்டா என அவர் நீராடாதே சென்றார். அத்திங்கள் 24-ஆம் நாள் திருநெல்வேலிக் கூட்டத்தில், பீகார் நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்தின் பயன் என்று அவர் பேசியதும், அறிவுக்கொவ்வாத கூற்றென இரவீந்திரநாத் தாகூர் அதனை மறுத்ததும் உலகெங்கும் பேசப்பெற்றன; இன்றும் பேசப்பெறுகின்றன. அப்பேச்சினும், குற்றாலத்தில் அவர் ஒன்றும் செய்யாது திரும்பியதே பொருட்செறிவுடையது என்று யாம் கருதுகின்றோம். மாலை மரியாதைகளோடு அழைத்துச்செல்ல ஆட்கள் காத்திருக்க, எல்லார்க்கும் இயல்பாய்க் கிட்டும் ஓர் இன்பத்தை ஒருவர் மறுத்தல் கிளர்ச்சியே. வாக்கில்லாதார்க்காக அவ்வாறு செய்தல் ஒருவகைச் சார்பாண்மையும் ஆகும்.

ஆயின் அச்சார்பாண்மைக்கு ஓர் எல்லை உண்டு. நீராடாதிருக்க வேண்டுமாயின் முதலில் நீராடும் உரிமை வேண்டும். அவ்வுரிமை அற்றவர் எதனை மறுத்துக் காட்டுவது? அவர் மறுக்கக்கூடியது ஒன்றே. அஃது அவர்தம் உழைப்பு. நாட்கூலியை அன்றாடம் நம்பி வாழ்ந்தவர் அதனை மறுப்பது எத்துணை அரிது என்பதை விரித்தல் வேண்டா.

இவ்விடத்தில் வாசகர் ஒரு நில எல்லையை நினைவிற் கொள்ளல் வேண்டும். குற்றாலத்திற்கு அணித்தேயுள்ள செங்கோட்டை, 1956 நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூர்ப் பகுதியாகவும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியாகவும் இருந்தது. தென்காசியும் குற்றாலமும் ஆங்கிலேயர் நேராட்சியில் இருந்தன. மொழி ஒன்று, பயிர் ஒன்று, சாதி வழக்கு ஒன்று. அரசு மட்டும் இரண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைத்த இருப்புப்பாதை இவ்வெல்லையை ஊடறுத்துச் சென்றது. அவ்வண்டியின் மூன்றாம் வகுப்பில் அருகருகே அமர்ந்து வந்தவர், இறங்கிய பின் வெவ்வேறு தெருவிற் பிரிந்து நடந்தனர். வரலாற்றாசிரியர்க்கு இஃதோர் அரிய வாய்ப்பு. ஒரே குறை இரண்டு அரசுகளில் எவ்வாறு தீர்ந்தது என ஒப்பிட்டுக் காணலாம்.

திருவிதாங்கூரில் வழியுரிமைப் போர் வைக்கத்தில் 1924-இல் தொடங்கிற்று. அங்கும் வழக்கு கோயிலைச் சூழ்ந்த தெருவைப் பற்றியதே, கருவறையைப் பற்றியதன்று. ஈ.வெ. இராமசாமியார் அப்போரில் ஈடுபட்டு இருமுறை சிறை புகுந்தது தமிழர் நன்கறிந்த செய்தி. அதன்பின் 1932-இல் அந்நாட்டுச் சட்டமன்றம் திருத்தியமைக்கப்பெற்றபோது, நிலவரியை அடிப்படையாகக் கொண்ட வாக்குரிமை தமக்குரிய பங்கைத் தாராது எனக் கண்ட ஈழவரும், கிறித்தவரும், முசுலிம்களும் ஒன்றுகூடித் தேர்தலினின்று விலகி நின்றனர். நிவர்த்தனப் போராட்டம் என்பது அதன் பெயர். அதன் தலைவருள் ஒருவராகிய சி. கேசவன் 1935-இல் சிறைப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் அம்பேத்கர் யேவலாவில், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என அறிவித்தார்; ஈழவர் தலைவர்களும் மதமாற்றம் பற்றி வெளிப்படையாகப் பேசலாயினர். 1936 நவம்பர் 12-ஆம் நாள், சித்திரைத் திருநாள் மன்னரின் கோயில் நுழைவு அறிக்கை வெளிவந்தது. மன்னரின் கருணை என அதனைப் போற்றுவர். கருணை இருந்திருக்கலாம், ஆயின் பன்னிரண்டு ஆண்டுக் கிளர்ச்சியும், ஒரு மக்கட்டொகுதியே விலகிப் போகும் என்னும் அச்சமும் இல்லாதிருப்பின் அக்கருணை அந்நாளிற் சுரந்திருக்கும் எனக் கொள்ளற்கு இடமில்லை. எவ்வாறாயினும், அரசரின் ஓர் அறிக்கையால் அவர் ஆளுகைக்குட்பட்ட கோயில்கள் செங்கோட்டை வட்டத்தில் உட்படத் திறந்தன. எல்லைக்கு இப்பால், தேர்தல் நடந்து மக்கள் அமைச்சு அமைந்த சென்னை மாகாணத்திலோ, கோயில்கள் மூடியே இருந்தன.

இம்முரண் சிந்திக்கத்தக்கது. 1937 சூலையில் இராசாசியின் அமைச்சு பதவியேற்றது. 1938-இல் எம்.சி. இராசா இரண்டு முயற்சிகளை மேற்கொண்டார். ஒன்று வென்றது, ஒன்று தோற்றது. வென்றது குடியுரிமைத் தடை நீக்கச் சட்டம். பொது ஓடை, ஆறு, கிணறு, குளம், நடைவழி, ஊர்தி ஆகியவற்றைப் பயன்கொள்ள எவர்க்கும் தடையில்லை என அது விதித்தது. இதனைக் குற்றாலத்தோடு பொருத்திப் பார்ப்போம். அருவி பொது நீர்நிலை. ஆதலின் அதன்கண் அனைவர்க்கும் உரிமை உண்டு. அருவிக்குச் செல்லும் வழியோ கோயிலைச் சார்ந்தது. சமயஞ்சாராப் பொது இடங்களையே தழுவிய இச்சட்டம் கோயிலின் வாயிலில் நின்றுவிடும். நீர் உரியது, நீரை அடையும் நெறி உரியதன்று என்னும் விந்தை நிலை இதனால் எழுகின்றது. சட்டத்தின் சொற்களை மட்டும் கற்போர் இதனைக் காணார்; நிலத்தின் அமைப்பையும் உடன்வைத்துக் கற்போர்க்கே இது புலனாகும்.

தோற்றது இராசாவின் கோயில் நுழைவு மசோதா. மாகாணம் முழுமைக்கும் ஒரே சட்டம் அப்பொழுது வேண்டா, மலபாருக்கு மட்டும் முதற்கண் செய்வோம் என்பது முதலமைச்சரின் நிலை. அதற்கு அவர் கூறிய காரணம், மக்கள் கருத்து இன்னும் பக்குவப்படவில்லை என்பதாகும். மலபாருக்கு மட்டும் முந்துரிமை நல்கியமைக்கு, அண்டையிலிருந்த திருவிதாங்கூரின் அறிக்கையும் ஒரு காரணமெனலாம். பேரவையில் முப்பதின்மர் இருந்தும், பெரும்பான்மைக் கட்சியின் கட்டுப்பாட்டைத் தாண்டி அம்மசோதாவை நிறைவேற்ற இயலவில்லை. சார்பாளர் இருத்தல் வேறு, சார்பாண்மை நிகழ்தல் வேறு என்பதற்கு இது தக்க சான்று.

மக்கள் கருத்துப் பக்குவமுற எத்துணைக் காலம் ஆயிற்று? ஓராண்டு. 1939 சூலை 8-ஆம் நாள் மதுரையில் அ. வைத்தியநாத ஐயர், அரிசனர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தார். பின்னாளில் அமைச்சராகிய பி. கக்கன் அவ்வைவருள் ஒருவர். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு உடன்பட்டு நின்றார். அன்றிருந்த சட்டத்தின்படி, வழக்கத்தை மீறிய அவர்கள்மீது வழக்குத் தொடுக்க இடமுண்டு. அவர்களைக் காக்க முதலில் ஆளுநரின் அவசரச் சட்டமும், தொடர்ந்து அவ்வாண்டிலேயே பேரவையின் சட்டமும் பிறந்தன. அச்சட்டத்தின் பெயரிலேயே அதன் வரலாறு அடங்கியுள்ளது. கோயில் நுழைவுக்கு அதிகாரமளித்தலோடு, நுழைந்தார்க்கும் நுழைவித்தார்க்கும் வழக்கினின்று காப்பளித்தலும் அப்பெயரின் கூறாகும். செயல் முந்திற்று, சட்டம் பிந்தி வந்து அச்செயலைக் குற்றமன்று என்றது. முந்திய ஆண்டில் பேரவையில் முறைப்படி கேட்டபோது மறுக்கப்பெற்றது, வாயிலில் ஆறு பேர் காலெடுத்து வைத்தபின் சில கிழமைகளில் கிட்டிற்று.

இதனாற் பேரவை பயனற்றது என முடிபு கூறுதல் பிழை. பேரவையும் அமைச்சும் இல்லாதிருப்பின், மதுரை நுழைவு ஒரு நாட் செய்தியாய் நின்று வழக்குமன்றத்தில் அழிந்திருக்கும். 1939-ஆம் ஆண்டுச் சட்டம், அறங்காவலர் இசைந்தால் அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்கலாம் என்றதே தவிர, நுழைவை உரிமையாக்கவில்லை. உரிமையாக்கியது ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சுக் காலத்து 1947-ஆம் ஆண்டுச் சட்டமே. அதன்பின் 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு, அரசுப் பணத்தாற் பேணப்பெறும் கிணறு, குளம், நீராடுதுறை, சாலை ஆகியவற்றில் எவரையும் சாதி காரணமாக விலக்கலாகாது என்றது. நீராடுதுறை என்னும் சொல் அரசியலமைப்பில் இடம்பெற்றதைக் காணுந்தோறும் எமக்குக் குற்றாலம் நினைவுக்கு வருகின்றது.

அவ்வரசியலமைப்பு நிறைவெய்துங்காலை, 1949 நவம்பர் 25-ஆம் நாள், அம்பேத்கர் ஆற்றிய பேருரை எம் வினாவுக்கு நேரே தொடர்புடையது. அரசியலமைப்பு வழிகள் திறந்திருக்கையில் சத்தியாக்கிரகம் முதலிய முறைகளைக் கைவிடுதல் வேண்டும் என்றும், அவை ஒழுங்கின்மைக்கு இலக்கணம் வகுப்பன என்றும் அவர் எச்சரித்தார். கிளர்ச்சியை வெறுப்பார் இப்பகுதியை மட்டும் எடுத்துக்காட்டுவர். அதே உரையில், அரசியலில் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்னும் சமன்மையும், பொருளியலிலும் குமுகாயத்திலும் சமனின்மையும் கொண்ட முரண்பட்ட வாழ்வில் நாம் நுழையப் போகின்றோம் என்றும், அதனை விரைவில் நீக்காவிடின் அல்லற்படுவோர் இவ்வமைப்பையே தகர்ப்பர் என்றும் அவர் கூறியதை விட்டுவிடுவர். முன்னது பின்னதை நிறைவேற்றுதற்கு இடப்பட்ட கட்டளை என்றே யாம் பொருள் கொள்கின்றோம். வழிகள் திறந்திருத்தல் வேண்டும். அவ்வழியே சென்றார் எய்தவும் வேண்டும்.

இவ்வளவுகோலைத் தென்காசிக்கே மீளப் பொருத்தலாம். 1952 முதல் இப்பகுதியின் பண்ணையாளும் நிலக்கிழாரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தனர். 1956-இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்து எல்லை அழிந்தது. குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் 1955-இலும், நில உச்சவரம்புச் சட்டம் 1961-இலும் வந்தன. முன்னது பதிவுபெற்ற குத்தகையாளர்க்கே பெரிதும் பயன்பட்டது; எழுத்தில்லாக் கூலியாளர்க்கு இரண்டும் எட்டவில்லை. 1967 முதல் தென்காசி நாடாளுமன்றத் தொகுதி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பெற்ற தொகுதியாயிற்று. முப்பதாண்டுக்கு முன் தேர்தல் முறையின் புறத்தே நின்ற குடியினருள் ஒருவர் இப்பொழுது அத்தொகுதி முழுமைக்கும் தில்லியில் பேசலானார். இது சிறு மாற்றமன்று.

எனினும் பதினான்கு ஆண்டு கழித்து, 1981 பிப்பிரவரி 19-ஆம் நாள், தென்காசியை அடுத்த மீனாட்சிபுரத்தில், தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் ஏறத்தாழ நூற்றெண்பது ஒருங்கே இசுலாத்தைத் தழுவின. அதன் காரணம் பற்றி அன்று எழுந்த பூசல்கள் பல. வெளிநாட்டுப் பணம் என்றார் சிலர். சாதிக் கொடுமையும் காவலர் நெருக்குதலும் என்றார் சிலர். மதப்பொருளில் யாம் தீர்ப்புரைக்கப் புகவில்லை. எம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது, அம்மக்கள் நெடுங்காலமாகக் கேட்டவை எவை என்பதே. தெருவில் நடக்கையிலும், தேநீர்க் கடையில் அமர்கையிலும், காவல் நிலையத்தில் நிற்கையிலும் பிறரோடு ஒப்ப மதிக்கப்பெறுதல் என அவர்தம் வாய்மொழிகள் கூறின. இவை 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்திலும், 1938-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அரசியலமைப்பிலும் முன்னரே எழுதப்பெற்றவை. வாக்கு இருந்தது; ஒதுக்கப்பெற்ற தொகுதியும் இருந்தது; அவ்விரண்டின் வழியும் கிட்டாத ஒன்றுக்காக, 1935-இல் திருவிதாங்கூர் ஈழவர் சொல்லளவில் நிறுத்திய வழியை இவர்கள் செயலாக்கினர். கூட்டமில்லை, மறியலில்லை, முழக்கமில்லை. ஆயினும் இதனைக் கிளர்ச்சி என்னாது வேறென்னென்பது?

அதன்பின் நிகழ்ந்ததைக் கூறி இதனை முடிக்கலாம். அவ்வாண்டு மீனாட்சிபுரத்தின் பெயர் நாடாளுமன்றத்தில் ஒலித்தது. ஆராய்ச்சிக் குழுக்கள் அமைந்தன. அடல் பிகாரி வாச்பாய் உள்ளிட்ட தலைவர்கள் அச்சிற்றூரை நாடி வந்தனர். செய்தியாளர் வாரக்கணக்கில் தங்கி, அங்குள்ள முதியோரிடம் அவர்தம் குறைகளைக் கேட்டு எழுதிச் சென்றனர்.